கணுக்கால் மூட்டை இணைக்கும் ஆபரேஷன்: ஸ்குரூவா, பிளேட்டா, ராடா?

கானாடுகாத்தான் மகள்:

வணக்கம். என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 63 வயது ஆகிறது. காரைக்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். எட்டு ஆண்டுகளுக்கு முன் வண்டியிலிருந்து விழுந்ததில் வலது கணுக்கால் முறிந்து, வெளிப்புறத்தில் ஒரு பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் மூட்டு தேய்ந்துபோயிற்று. இப்போது காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வளவை (உள்முற்றத்தை)த் தாண்டிப் பின்கட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். மாத்திரை, மூட்டுக்குள் ஊசி, கணுக்கால் பட்டை எல்லாம் பார்த்தாகிவிட்டது. மதுரையில் காட்டிய எலும்பு மருத்துவர், மூட்டை அசையாதபடி சேர்த்து இணைத்துவிடுவதுதான் இனி வழி என்கிறார். ஸ்குரூ மட்டும் போதுமா, முன்பக்கம் பிளேட் வேண்டுமா, குதிகால் வழியாக ராடு செலுத்த வேண்டுமா என்பதை சி.டி. ஸ்கேன் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

அப்பச்சியின் கேள்வி வேறு. கடைக்கு வருகிறவர்களிடம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் வேண்டுமா, 316 ரகம் வேண்டுமா என்று முப்பது ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியவர், தன் காலுக்குள் போகப்போவது ஸ்டீலா டைட்டேனியமா என்பதிலேயே நிற்கிறார். டைட்டேனியம் என்றால் செலவு கூடும் என்று மருத்துவமனையில் சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சாக இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை உண்டு. வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். விபத்துக்கு முன்புவரை தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு வெறுங்காலோடு நடந்தவர். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி:

நான் மதுரையில் எலும்பு அறுவை அரங்கில் 26 ஆண்டுகள் கருவி எடுத்துக்கொடுத்தவள். உலோகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், அம்மா. இந்த அறுவையில் நேரத்தின் பெரும்பகுதி ஸ்குரூ போடுவதில் போவதில்லை. எலும்பைத் தயார் செய்வதில்தான் போகிறது.

கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியாவும், அதன் கீழே உட்கார்ந்திருக்கும் டேலஸ் எலும்பும் சேரும் இடமே கணுக்கால் மூட்டு. இரண்டின் முகத்திலும் குருத்தெலும்பு மிச்சம் இருக்கும்வரை அவை ஒன்றோடொன்று ஒட்டாது. ஆகவே மூட்டைத் திறந்து, அதை விரித்துப் பிடிக்க ஒரு விரிப்பானை வைப்பார்கள். முதுகெலும்பு அறுவைக்கென்று செய்த கருவியையே எங்கள் அரங்கில் கணுக்காலுக்கும் பயன்படுத்தினோம். பிறகு சிறு கரண்டி போன்ற கியூரெட்டாலும் உளியாலும் குருத்தெலும்பை ஒரு துணுக்கும் விடாமல் சுரண்டி எடுப்பார்கள். அதற்குக் கீழே வெள்ளையாக, கெட்டியாக ஓர் எலும்புத் தகடு தெரியும். அதை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டால் ஸ்குரூவுக்குப் பிடிமானம் போய்விடும், கால் நீளமும் குறையும். அப்படியே விட்டுவிட்டால் இரத்தம் வராது, எலும்பு ஒட்டாது. அதனால் அதில் மெல்லிய டிரில்லால் நெருக்கமாகத் துளைகள் போட்டு, நடுநடுவே உளியின் முனையால் மீன் செதிளைத் தூக்கிவிடுவது போல எலும்பைச் சற்றே பெயர்த்துவிடுவார்கள். துளைகளிலிருந்து இரத்தமும் கொழுப்பும் கசிந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே எங்கள் பெரிய டாக்டர் அடுத்த கருவிக்குக் கை நீட்டுவார். பர் என்னும் சுழலும் அரக் கருவியால் சுரண்டினால் உப்பு நீரை ஊற்றிக்கொண்டே இருப்பது என் வேலை. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே பழுதாகத் தொடங்கும் என்று 1983ஆம் ஆண்டிலேயே கண்டிருக்கிறார்கள்.

அதன்பிறகே ஸ்குரூ வருகிறது. நடுவில் துளையுள்ள 7.3 மில்லிமீட்டர் ஸ்குரூ என்றால் முதலில் 2.8 மில்லிமீட்டர் வழிகாட்டிக் கம்பியைச் செலுத்தி, சி-ஆர்ம் என்னும் அரங்கு எக்ஸ்ரே கருவியில் முன்பக்கமும் பக்கவாட்டிலும் படம் பார்த்து, அளவுகோலால் நீளம் எடுத்து, கம்பியின் மேலேயே டிரில்லையும் ஸ்குரூவையும் கோத்து இறக்குவார்கள். பெரும்பாலும் மூன்று ஸ்குரூ. அவற்றில் ஒன்று டிபியாவின் பின்பக்கத்திலிருந்து டேலஸின் கழுத்துவரை போகும். ஸ்குரூவின் மரை முழுவதும் மூட்டுக் கோட்டைத் தாண்டி டேலஸுக்குள் இருக்க வேண்டும். மரையில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் நின்றுவிட்டால், எவ்வளவு முறுக்கினாலும் இரண்டு எலும்பும் நெருங்காது. இடைவெளி அப்படியே பூட்டப்பட்டுவிடும். இரும்புக்கடைக்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

செட்டுப் பெட்டி:

செவிலி அக்கா சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நான் பன்னிரண்டு ஆண்டுகள் இம்பிளான்ட் (உடம்புக்குள் வைக்கும் ஸ்குரூ, பிளேட்) செட்டுகளைப் பேருந்தில் ஏற்றித் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்குமாகச் சுமந்தவன். உலோகக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஐயாவிடம் சொல்லுங்கள்: 304இல் அரிப்பைத் தடுக்கும் மாலிப்டினம் கிடையாது, உடம்பின் உப்பு நீரில் அது நிற்காது. இம்பிளான்ட்டுக்கு எடுக்கும் ஸ்டீல் 316எல். அந்த ‘எல்’ என்பது கரி 0.03 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதற்கு அடையாளம். கடையில் கிடைக்கும் 316எல் கம்பியும் இதுவும் பெயரால் ஒன்றாக இருந்தாலும், இம்பிளான்ட் தரத்துக்கு வெற்றிடத்தில் மறுபடி உருக்கி அழுக்கைக் குறைப்பார்கள். அதன் தரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 5832-1 என்று பெயர். டைட்டேனியம் என்று சொல்வது பெரும்பாலும் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த உலோகம், அதற்கு ஐ.எஸ்.ஓ. 5832-3.

வளைந்துகொடுக்கும் தன்மையைக் கணக்கில் எடுத்தால், ஸ்டீலின் விறைப்பு ஏறத்தாழ 190 கிகாபாஸ்கல், டைட்டேனியக் கலவையின் விறைப்பு 110, கெட்டி எலும்பினுடையது 20க்குள். ஆகவே டைட்டேனியம் எலும்புக்குச் சற்று நெருக்கமானது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஸ்டீலைச் சுற்றிப் படம் அதிகமாகக் கலங்கும், டைட்டேனியத்தைச் சுற்றிக் குறைவாகக் கலங்கும். ஸ்டீலில் 13 முதல் 15 சதவீதம்வரை நிக்கல் உண்டு. மலிவான கைக்கடிகாரப் பட்டை, கவரிங் நகை போன்றவை பட்டால் தோல் அரிக்கிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பாதத்தின் நடு மூட்டுகளுக்குப் போடும் நிட்டினால் (நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகம்) ஸ்டேப்பிளில் எடையில் பாதிக்கு மேல் நிக்கல்தான். உடற்சூட்டில் தானாகவே இறுக்கிக்கொண்டே இருப்பது அதன் சிறப்பு.

இவ்வளவும் சொன்ன பிறகு என் அபிப்பிராயம்: நிக்கல் ஒவ்வாமை இல்லாத 63 வயதுக்காரருக்கு, நல்ல தரமான ஸ்டீல் ஸ்குரூவும் டைட்டேனியம் ஸ்குரூவும் கணுக்காலை இணைப்பதில் பெரிய வித்தியாசம் காட்டப்போவதில்லை. ஒரே இடத்தில் ஸ்டீல் பிளேட்டும் டைட்டேனியம் ஸ்குரூவும் கலந்து போடக்கூடாது என்பதை மட்டும் பாருங்கள். முழங்கால் மாற்று இம்பிளான்ட்டுக்கு 2017 ஆகஸ்டில் அரசு உச்சவரம்பு வைத்தது. அந்த வரம்பு கணுக்கால் பிளேட்டுக்கோ ஸ்குரூவுக்கோ பொருந்தாது. ஆகவே மருத்துவமனையின் மதிப்பீட்டில் ‘இம்பிளான்ட்’ என்று ஒற்றை வரியில் தொகை போட்டிருந்தால், எத்தனை ஸ்குரூ, என்ன அளவு, ஒன்றின் விலை என்ன என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கோலாலம்பூர் பேரன்:

இந்தக் காலத்தில் எதற்கு மூட்டை நிரந்தரமாகப் பூட்ட வேண்டும்? இங்கே எங்கள் உறவினர் ஒருவருக்குக் கணுக்கால் மூட்டையே மாற்றி வைத்தார்கள். ஆறு மாதத்தில் நன்றாக நடக்கிறார். முழங்காலை மாற்றுகிற நாட்டில் கணுக்காலை மாற்றக் கூடாதா? ஊரில் இன்னும் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

சிவகங்கை எலும்பு மருத்துவர்:

பழைய முறை என்பது உண்மைதான். ஆஸ்திரியாவில் எடுவார்ட் ஆல்பர்ட் என்ற அறுவை மருத்துவர் 1870களின் இறுதியிலேயே, போலியோவால் கால் தளர்ந்த ஒரு சிறுமிக்கு இப்படி மூட்டை இணைத்தார். 1951இல் ஜான் சார்ன்லி எலும்பின் குறுக்கே கம்பி செலுத்தி, வெளியே இறுக்கிப் பிடித்து அழுத்தம் தரும் முறையை எழுதினார். இன்று அந்த அழுத்தத்தை உள்ளே இருக்கும் ஸ்குரூ தருகிறது, கொள்கை மாறவில்லை. ஆனால் பழையது என்பதாலேயே அது தாழ்ந்தது ஆகிவிடாது, அண்ணே.

இங்கிலாந்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூட்டு மாற்றும் மறு பிரிவுக்கு மூட்டு இணைப்பும் செய்து ஒப்பிட்ட ஆய்வு 2022ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் நன்றாகத் தேறியிருந்தார்கள். நடப்பதிலும் நிற்பதிலும் இரண்டுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. மாற்று மூட்டில் காயம் ஆறுவதில் தொல்லை கூடுதலாக இருந்தது. இணைப்பில் சிலருக்கு எலும்பு சேராமல் போயிற்று. மாற்று மூட்டு தளர்ந்தால் மறு அறுவை வேண்டும், அப்போது எலும்பும் குறைந்திருக்கும். சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் இருப்பது, பாத உணர்ச்சி குன்றியிருப்பது, கால் கோணியிருப்பது, பழைய தொற்று ஆகியவை இருந்தால் நான் மாற்று மூட்டின் பக்கம் போகமாட்டேன். மற்றபடி படங்களைப் பார்க்காமல் இவருக்கு இதுதான் என்று நான் சொல்வது முறையாகாது.

ஸ்குரூவா, பிளேட்டா, ராடா என்பதில் பொதுவாக ஒன்று சொல்லலாம். எலும்பு நன்றாக இருந்து கோணலும் இல்லையென்றால் ஸ்குரூ போதும். ஆர்த்ரோஸ்கோப் என்னும் மெல்லிய கேமராக் குழாய் வழியாகச் சிறு துளைகளிலேயே செய்யவும் முடியும். எலும்பு மெலிந்திருந்தாலோ, நிறையக் கோணலைச் சரிசெய்ய வேண்டியிருந்தாலோ முன்பக்கப் பிளேட்டைச் சேர்ப்போம். ராடு என்பது உள்ளங்காலில் தொடங்கி, குதிகால் எலும்பு, டேலஸ், டிபியா ஆகிய மூன்றையும் ஊடுருவி ஏறும். கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டையும் சேர்த்து அது பூட்டிவிடும். அந்தக் கீழ் மூட்டுதான் மேடு பள்ளத்தில் பாதத்தை இடமும் வலமும் சாய்க்க உதவுவது. அது நன்றாக இருக்கும்போது அதையும் பலி கொடுக்கக் காரணம் வேண்டும். ஆகவே உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கீழ் மூட்டு எப்படி இருக்கிறது என்பதுதான்.

ஆத்தங்குடிக் கல்:

எனக்கு இடது கணுக்காலை இணைத்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) போடுகிறவன். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து வண்ணம் ஊற்றுகிற வேலையில் நாள் முழுவதும் குந்தி உட்கார்ந்தவன். அந்த வலி முழுவதும் போய்விட்டது. ஆனால் குதிகால் தரையில் பதியக் குந்துவதும் போய்விட்டது, அதை மறைப்பதில் பொருளில்லை. இப்போது முட்டி உயரத்துக்கு மேடை கட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து ஊற்றுகிறேன். கழிப்பறையை மேற்கத்திய முறைக்கு மாற்றினோம். சம்மணம் போட்டு உட்கார முடிகிறது. பந்தியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சமதரையில் நடையைப் பார்த்தும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஏற்றத்தில் மட்டும் தெரியும். குன்றக்குடிப் படியில் ஏறும்போது முன்பாதத்தை மட்டும் படியில் வைக்கப் பார்த்தால் பின்னால் தள்ளுகிறது. முழுப் பாதத்தையும் வைத்துப் பக்கவாட்டில் ஏறுகிறேன்.

ஆச்சிக்கு நான் சொல்ல விரும்புவது கோணத்தைப் பற்றி. பாதம் கீழ்க்காலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், குதிகால் ஏறத்தாழ 5 டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், விரல்கள் மற்றக் காலைப் போலவே சற்று வெளியே திரும்பியிருக்க வேண்டும் என்று என் மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். விரல் பக்கம் சிறிது தாழ்ந்துவிட்டால், குதி உயர்ந்த செருப்புப் போடுகிறவர் சமாளித்துக்கொள்வார். வீட்டிலும் கோயிலிலும் வெறுங்காலோடு திரிகிற நமக்கு ஒவ்வோர் அடியிலும் முழங்கால் பின்னால் வளையும். அப்பச்சி வெறுங்காலோடு நடப்பவர் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரின் காதில் போடுங்கள்.

இன்னொன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்குரூவின் தலை தோலடியில் உறுத்தியது. எடுத்துவிடலாம் என்று வேறோர் ஊரில் ஒரு மருத்துவமனையில் படுத்தேன். முதலில் செய்த இடத்தில் எனக்குக் கொடுத்த தாளில் ‘மூட்டு இணைப்பு, மூன்று ஸ்குரூ’ என்று மட்டுமே இருந்தது. தலை அறுகோணமா, நட்சத்திர வடிவமா என்று யாருக்கும் தெரியவில்லை. கையிலிருந்த அறுகோண ஸ்குரூடிரைவரை அழுத்தித் திருப்பியதில் தலையின் குழி வழுக்கி வட்டமாகிவிட்டது. பிறகு இடது மரை போட்ட கூம்புக் கருவிக்கு ஆள் அனுப்பி, அது வந்துசேர மாலையாயிற்று. அதுவரை காலைக் கட்டி என்னை வார்டில் படுக்க வைத்துவிட்டு, இரவில் மறுபடி அரங்குக்கு எடுத்துப்போனார்கள். இரண்டு முறை முதுகில் மரப்பு ஊசி.

செட்டுப் பெட்டி:

ஆத்தங்குடி அண்ணன் சொன்னது நான் பலமுறை பார்த்த காட்சி. வழக்கமாக நடுவில் துளையில்லாத 6.5 மில்லிமீட்டர் அறுகோணத் தலை ஸ்குரூவுக்கு 3.5 மில்லிமீட்டர் சாவி, 3.5 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு 2.5 சாவி. நட்சத்திரத் தலைக்குச் சாவியே வேறு. உறையிலிருந்து பிரித்துப் போடும் இம்பிளான்ட் என்றால் பெட்டியிலேயே ஒட்டுச்சீட்டு இருக்கும்; அதில் ஒன்றை உங்கள் தாளில் ஒட்டித் தரக் கேளுங்கள். ஆனால் நம் பக்கத்தில் பல செட்டுகள் தட்டில் அடுக்கி ஆட்டோகிளேவ் செய்து (நீராவியில் கிருமி நீக்கி) வருபவை. அவற்றுக்குச் சீட்டு இராது. அப்படியானால் தயாரிப்பாளர் பெயர், உலோகம், விட்டம், நீளம், தலையின் வடிவம் ஆகிய ஐந்தையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதச் சொல்லுங்கள். அப்பச்சிக்கு இப்போது இருக்கும் பழைய பிளேட்டை எடுக்க வேண்டியிருந்தால், எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய தாளை இன்றே தேடி எடுங்கள். தாள் இல்லாவிட்டால் எக்ஸ்ரேயை முன்கூட்டியே காட்டுங்கள்; இரண்டு வகைச் சாவியும் கூம்புக் கருவியும் அரங்கில் தயாராக இருக்கட்டும்.

பள்ளத்தூர் மருமகள்:

எங்கள் அத்தைக்குச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி போய், கணுக்கால் வீங்கிச் சூடாகி, எலும்பு நொறுங்கிக் கோணிவிட்டது. இதற்குச் சார்கோ பாதம் என்று பெயர் சொன்னார்கள். வலி இல்லாததால் நாங்கள் சுளுக்கு என்றெண்ணி எண்ணெய் நீவிக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு மாதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவர்களுக்கு ராடுதான் வைத்தார்கள். மூன்று மாதம் காலை ஊன்ற விடவில்லை, அதன்பிறகும் நெடுநாள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இறங்கும்வரை மருத்துவர் ஆபரேஷன் தேதியே கொடுக்கவில்லை. உங்கள் அப்பச்சிக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்த்தார்களா?

ஓய்வுபெற்ற செவிலி:

நல்ல கேள்வி. அதோடு புகையிலையையும் சொல்லிவிடுகிறேன். புகைத்தாலும் மென்றாலும் நிகோட்டின் நிகோட்டின்தான். சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். எலும்பு சேராமல் மறுபடி மேசைக்கு வந்தவர்களில் ‘நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை’ என்று சொன்னவர்களின் இடுப்பு மடியிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை நானே எடுத்து வைத்திருக்கிறேன். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் இருக்கட்டும், புகையிலையை மட்டுமாவது ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தி, எலும்பு கூடும்வரை தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

கோணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை முழங்காலுக்கு மேலேயே துணி போர்த்தி முழங்கால்சில்லு தெரியும்படி வைப்பார்கள்; அதைப் பார்த்துத்தான் பாதம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணிப்பது. எங்கள் டாக்டர் கருவித் தட்டின் ஸ்டீல் மூடியை வாங்கி உள்ளங்காலில் தட்டையாக வைத்து, சற்று விலகி நின்று பார்ப்பார். சி-ஆர்ம் படத்தில் சரியாக இருந்தாலும் மூடி சாய்ந்திருந்தால் கம்பிகளை உருவிவிட்டு மறுபடி தொடங்குவார். ‘இதை அப்புறம் திருத்த முடியாது’ என்பார்.

கானாடுகாத்தான் மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்கேனில் கீழ் மூட்டு நன்றாக இருக்கிறதாம். ஆகவே ராடு வேண்டாம், மூன்று ஸ்குரூ, தேவைப்பட்டால் முன்பக்கம் பிளேட் என்று முடிவாகியிருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறது. பழைய தாளைப் பட்டாலையில் இருந்த தகரப் பெட்டியில் கண்டுபிடித்தோம். புகையிலையை நிறுத்துவதில்தான் ஆயா முதல் பேத்திவரை எல்லோரும் போராட வேண்டியிருக்கிறது. செட்டுப் பெட்டி அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினேன். 316எல் என்றதும் அப்பச்சி, ‘அப்போ சரக்கு சரியானதுதான்’ என்று சொல்லி, அடுத்த கேள்வியாக மரை எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்றார்.

செட்டுப் பெட்டி:

7.3 ஸ்குரூவில் 16 மில்லிமீட்டர், 32 மில்லிமீட்டர் என்று இரண்டு மரை நீளம் வரும். டேலஸ் சின்ன எலும்பு. 32 போட்டால் மரை மூட்டுக் கோட்டைத் தாண்டி நிற்பதற்கு இடம் போதாமல் போகலாம். இதை ஐயா மருத்துவரிடம் கேட்டால் அவரே வியந்துபோவார்.

கானாடுகாத்தான் மகள் (நான்கு மாதங்களுக்குப் பிறகு):

தகவலுக்காக எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து 14 வாரங்கள் ஆகின்றன. முதல் ஆறு வாரம் மாவுக்கட்டு, காலைத் தரையில் ஊன்றவில்லை. எங்கள் வீட்டின் நிலைப்படிகளும் திண்ணைப் படிகளும் வாக்கருக்கு ஒத்துவராததால், முகப்பு அறையிலேயே கட்டில் போட்டு, பக்கத்தில் நாற்காலிக் கழிப்பறை வைத்தோம். பிறகு பூட்ஸ் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றினார். போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டுக் கோட்டின் பெரும்பகுதியில் எலும்பு கூடியிருப்பது தெரிகிறது. உள்பக்கம் ஒரு மூலையில் மட்டும் இன்னும் கோடு தெரிவதால் ஒரு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க வேண்டும். பிளேட் தேவைப்படவில்லை. பழைய பிளேட்டிலிருந்து ஐந்து ஸ்குரூ சுலபமாக வந்துவிட்டது, ஆறாவதன் தலை வழுக்கியது. கூம்புக் கருவி தட்டிலேயே இருந்ததால் சில நிமிடத்தில் எடுத்துவிட்டார்களாம்.

டிஸ்சார்ஜ் தாளில் ஐந்து விவரமும் இருக்கின்றன. அப்பச்சி அதை நம்பாமல், கடையின் இருப்புப் பேரேட்டில் கடைசிப் பக்கத்தில் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்: 316எல், 7.3, மரை 16, அறுகோணத் தலை, எண்ணிக்கை 3, இருப்பு வலது கால்.